ரியோவின் ஃபங்கும் சாமராஜநகரின் தமடெயும்

(சாமராஜநகரில் கட்சியின் தமிழ் உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

தாளத்துக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் சாமராஜநகர். மாதேஸ்வரன் மலையின் அடியார்களான தேவரகுட்டர்கள் ஆடும் கம்சாளெ இந்த மண்ணுக்கே உரியது. ஒரு கையில் கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம். மறு கையில் நீண்ட கயிற்றில் கோத்த தட்டைத் தாளம். கயிற்றைச் சுழற்றி, தோளுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் தாளத்தை வீசி, அருகில் ஆடுபவரின் தாளத்தோடும் மோதவிட்டு ஆடுகிற அந்த ஆட்டத்தில் கணக்குப் பிசகினால் மண்டை உடையும். கொள்ளேகால் பக்கத்து ஊர்களில் மண்டேசுவாமி காவியத்தை இரவெல்லாம் பாடும் நீலகாரர்கள் இருக்கிறார்கள். பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் கூட்டமாக வட்டமிட்டு ஆடுகிறார்கள். சமவெளி ஊர்களின் திருவிழாவிலும் சாவிலும் ஊர்வலத்திலும் அதிர்வது தமடெ. தமிழ்நாட்டில் பறையென்றும் தப்பென்றும் அழைக்கப்படும் தோற்கருவியின் உடன்பிறப்பு அது. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு எல்லைக்கோடு இடம் மாறியது. தோலும் குச்சியும் மாறவில்லை.

இந்தத் தாளங்களில் எது கலை, எது வெறும் இரைச்சல் என்று முடிவு செய்கிறவர்கள் யார்? கம்சாளெ அரசு விழா மேடைகளில் ஏறிவிட்டது. தமடெ இன்னும் பெரும்பாலும் மேடைக்குக் கீழேதான் நிற்கிறது. திருவிழாவில் டி.ஜே. வண்டிக்கு முன்னால் வியர்வை வழிய ஆடும் இளைஞர்களை ‘காலிகள்’ என்று ஒதுக்குவது படித்தவர்களின் வழக்கமாகிவிட்டது. இடதுசாரிகளும் இதற்கு விலக்கல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதே கேள்வி உயிர்ப் பிரச்சினையாக மாறியுள்ள நாடு பிரேசில். அங்கே ‘ஃபங்க்’ என்னும் நடன இசை நாற்பது ஆண்டுகளாகப் பெரும் மக்கள் கூட்டத்தைத் தன்பால் ஈர்த்து வருகிறது; ஆளும் வர்க்கம் அதே நாற்பது ஆண்டுகளாக அதைக் கண்டு அஞ்சி வருகிறது. அந்த ஈர்ப்பையும் அச்சத்தையும் புரிந்துகொள்வது இங்குள்ள வேலைக்கும் உதவும்.

குன்றுகளில் பிறந்த இசை

ரியோ டி ஜெனிரோ நகரின் செல்வர் வாழும் கடற்கரைகளுக்கு நேர் பின்னே செங்குத்தான குன்றுகள் எழுகின்றன. அவற்றின் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வீடுகளே ஃபவேலா எனப்படும் குடியிருப்புகள். வீட்டுவேலைப் பெண்கள், கட்டடத் தொழிலாளர்கள், காவலாளிகள், தெருவோர வணிகர்கள் என நகரை இயக்கும் உழைப்பு அங்கிருந்தே இறங்கி வருகிறது. அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஆவர்.

1970களில், ராணுவ ஆட்சிக் காலத்தில், நகரின் வடபகுதித் தொழிலாளர் குடியிருப்புகளில் அமெரிக்கக் கறுப்பின இசையை ஒலிபரப்பி நடனமாடும் கூட்டங்கள் பெருகின. வார இறுதிகளில் ஆயிரக்கணக்கான கறுப்பின இளைஞர்கள் திரண்ட அக்கூட்டங்களை அரசியல் உளவுப் போலீசார் கண்காணித்தனர். 1980களில் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து, தாளக் கருவியின் ஆழ்ந்த அதிர்வை அடித்தளமாகக் கொண்ட ஒரு வகை இசைத்தட்டுகள் வந்தன. ஆங்கிலச் சொற்கள் புரியாத இளைஞர்கள் அவற்றின் ஓசைக்கேற்பப் போர்த்துக்கீசியச் சொற்களை இட்டுக்கட்டிப் பாடினர். 1989இல் டி.ஜே. மார்ல்போரோ தொகுத்து வெளியிட்ட ‘ஃபங்க் பிரேசில்’ இசைத்தட்டில் அந்த இசை மக்களின் சொந்த மொழியில் பதிவாயிற்று. 1990களின் இறுதிக்குள் இறக்குமதித் தாளமும் பின்னுக்குப் போனது. ஆப்பிரிக்க வழிபாட்டு மேளங்களின் அடியை ஒத்த ‘தம்போர்சாவோ’ என்னும் தாளம் அதன் இடத்தைப் பிடித்தது. அடிமைக் கப்பல்களில் வந்தவர்களின் மேளம், மின்கருவிக்குள் புகுந்து திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

இந்த இசையின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? முதலாவது, இதற்கு வேண்டிய மூலதனம் மிகக் குறைவு. ஒரு தாளக் கருவி, ஓர் ஒலிவாங்கி, தெருவின் குறுக்கே சுவர்போல் அடுக்கப்பட்ட ஒலிபெருக்கிகள் இருந்தால் போதும். இசைப்பள்ளி தேவையில்லை. பாடகரின் குரல் பாதி பேச்சு, பாதி கூவல். சந்தையில் விலை கூவுபவருக்கும் பேருந்து நடத்துநருக்கும் வாய்த்த குரல் அது. இரண்டாவது, அது செவிக்கு மட்டுமான இசையன்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 அடிகள். அண்மை ஆண்டுகளில் ரியோவில் 150. அந்த வேகத்தில் ஒலிபெருக்கிச் சுவரின் முன் நிற்பவருக்குத் தாளம் நெஞ்சுக்கூட்டில் விழுகிறது. வாரம் முழுவதும் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்து வளைந்த உடல், அந்த ஓர் இரவு தனக்காக அசைகிறது. மூன்றாவது, அங்கே பார்வையாளர் என்று தனியாக ஒரு வகுப்பு இல்லை. ஆடுகிறவரும் கேட்கிறவரும் ஒருவரே. நுழைவுச்சீட்டு வாங்க இயலாதவர்களின் நடனக்கூடமாகத் தெருவே மாறுகிறது.

1990களின் நடுவே ‘கடவுளின் நகரம்’ என்ற பெயருடைய ஃபவேலாவிலிருந்து வந்த சிடின்யோ, டோகா என்னும் இரு இளைஞர்கள் பாடிய ஒரு பாடல் நாடெங்கும் பரவியது. பிறந்த குடியிருப்பிலேயே அச்சமின்றி மகிழ்ந்து வாழும் உரிமையைக் கேட்ட பாடல் அது. குடிநீர், வேலை, பள்ளி ஆகியவற்றோடு மகிழ்ச்சியையும் ஒரு கோரிக்கையாகப் பட்டியலில் சேர்த்ததே அதன் அரசியல்.

அஞ்சுவது எதைக் கண்டு?

பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே 13 அன்று. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக. இரண்டே ஆண்டுகளில், 1890இன் தண்டனைச் சட்டம், கறுப்பின மக்களின் தற்காப்பு ஆட்டமான கபோய்ராவைக் குற்றமாக்கியது. விடுதலை பெற்ற உடல் விருப்பப்படி அசையக்கூடாது என்பது அதன் பொருள். அடுத்து வந்தது சாம்பாவின் முறை. இன்று பிரேசிலின் தேசிய அடையாளமாக விற்கப்படும் சாம்பாவை இசைத்தவர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘வேலையற்றுத் திரிவோர்’ என்ற பெயரில் போலீசாரால் துரத்தப்பட்டனர். கஞ்சிராவை ஒத்த பண்டெய்ரோ என்னும் கருவியை வாசித்த ஜோவாவோ ட பயானாவிடமிருந்து போலீசார் அதைப் பறித்தனர். 1908இல் செனட்டர் ஒருவர் தமது பெயர் பொறித்த புதிய பண்டெய்ரோவை அவருக்குப் பரிசளித்தார். அதன்பின் போலீசார் அவரைத் தொடவில்லை. ஒரு தோற்கருவியை வாசிக்கக்கூட மேலிடத்தின் கையெழுத்து வேண்டியிருந்த காலம் அது.

ஃபங்கின் வரலாறும் அதே தடத்தில் செல்கிறது. 1992 அக்டோபரில் ரியோவின் அர்ப்போவடோர் கடற்கரையில் ஃபவேலா இளைஞர் குழுக்களிடையே கைகலப்பு மூண்டது. கொள்ளைக்கூட்டம் கடற்கரையைச் சூறையாடியதாகத் தொலைக்காட்சிகள் அலறின. அன்றுமுதல் ‘ஃபங்க் கேட்பவன்’ என்பது ‘குற்றவாளி’ என்பதன் மறுபெயராயிற்று. 2008இல், போலீஸ் தலைமைப் பொறுப்பில் இருந்து சட்டமன்றத்துக்கு வந்த ஒருவர் முன்மொழிந்த மாநிலச் சட்டம், ஃபங்க் நடனக்கூட்டங்களுக்கு எளிதில் நிறைவேற்ற முடியாத நிபந்தனைகளை விதித்தது. 2017இல் ஃபங்கையே குற்றமாக அறிவிக்கக் கோரி இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்த மனு நாட்டின் செனட் வரை சென்றது. அங்கே அது நிராகரிக்கப்பட்டது.

2019 டிசம்பர் 1, விடியற்காலை. சாவோ பாவ்லோ நகரின் மிகப் பெரிய ஃபவேலாக்களுள் ஒன்றான பராய்சோபொலிசில், ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த தெரு நடனத்துக்குள் போலீசார் புகுந்தனர். குறுகிய சந்துகளுக்குள் நெருக்கித் தள்ளப்பட்ட கூட்டத்தில் ஒன்பது பேர் இறந்தனர். அவர்களின் வயது 14 முதல் 23 வரை. அந்த ஃபவேலாவுக்கு அடுத்த தெருக்களில் நகரின் செல்வர்கள் வாழ்கின்றனர். அங்கும் இரவு விருந்துகள் நடக்கின்றன. அங்கும் ஒலிபெருக்கிகள் உள்ளன. அங்கே எந்த விருந்தாளியும் சந்துக்குள் நசுங்கிச் சாகவில்லை.

இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் அரங்கில் ரெபெக்கா ஆந்த்ராதே என்னும் கறுப்பின வீராங்கனை தரைப்பயிற்சி செய்தபோது ஒலித்தது, ‘ஃபவேலாவின் நடனம்’ என்னும் பொருள்படும் ஃபங்க் பாடலின் இசை. வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் மகள் அவர். தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் வெள்ளியும், தாண்டுதலில் தங்கமும் வென்றார். நாடே கொண்டாடியது. பதக்கம் வென்ற உடலோடு சேர்ந்தால் அந்தத் தாளம் தேசப் பெருமை. பராய்சோபொலிசின் சந்தில் ஒலித்தால் அது குற்றம். ஆளும் வர்க்கம் அஞ்சுவது தாளத்தைக் கண்டன்று. ஏழைகள், யாருடைய அனுமதியும் இன்றி, தங்கள் உடலுக்குத் தாங்களே உடைமையாளராகி, ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடுவதைக் கண்டே அது அஞ்சுகிறது.

மூடி மறைக்கத் தகாதவை

இதனால் ஃபங்கில் உள்ளதெல்லாம் முற்போக்கு என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. பெண்ணை வெறும் உடலாகக் காட்டும் பாடல்கள் அங்கே ஏராளம். போதைப்பொருள் கும்பல்களைப் புகழும் பாடல்கள் உண்டு. நடனக்கூட்டம் சிலவற்றின் பின்னே அக்கும்பல்களின் பணமும் உண்டு. சாவோ பாவ்லோவில் விலையுயர்ந்த கார், தங்கச் சங்கிலி, பன்னாட்டு நிறுவனங்களின் ஆடை ஆகியவற்றையே பாடுபொருளாகக் கொண்ட ஒரு கிளையும் வளர்ந்தது. முதலாளித்துவச் சமூகத்தின் அழுக்கு அதன் அடித்தட்டுக்குச் சொந்தமான இசையிலும் படியத்தான் செய்யும். அந்த அழுக்குக்காகப் போலீசை அனுப்புவது ஒரு வழி. அந்த இசைக்குள்ளிருந்தே மறுமொழி எழுவதற்கு இடம் தருவது இன்னொரு வழி.

மறுமொழி எழவும் செய்தது. சிடின்யோவும் டோகாவும் வந்த அதே ‘கடவுளின் நகரத்திலிருந்து’ டாட்டி கெப்ரா பராக்கோ, டெய்ஸ் டிக்ரோனா போன்ற பெண்கள் ஒலிவாங்கியைக் கைப்பற்றினர். ஆண்கள் கொச்சையாகப் பாடிய அதே பொருளைப் பெண்ணின் விருப்பம், பெண்ணின் மறுப்பு, பெண்ணின் நகைப்பு ஆகியவற்றோடு அவர்கள் திருப்பிப் பாடினர். கண்ணியமானவர்கள் முகம் சுளித்தனர். ஆனால் ஆண்கள் பாடியபோது அவ்வளவாகச் சுளிக்காத முகங்களே அவற்றுள் பல.

இங்கே தமிழருக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, போரினால் அகதியாகத் திரும்பிய ஈழத்தமிழ்ப் பாடகி மாதங்கி அருட்பிரகாசம் உலகெங்கும் எம்.ஐ.ஏ. என்று அறியப்படுகிறார். தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே தலைப்பாகச் சூட்டி 2005இல் அவர் வெளியிட்ட முதல் தொகுப்பில், டெய்ஸ் டிக்ரோனாவின் பாடலை அடிப்படையாகக் கொண்ட ஒரு பாடல் உள்ளது. அகதிப் பெண்ணொருத்தியின் குரலும் ஃபவேலாவின் தாளமும் பொருந்திப் போனதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தாளம் உலகச் சந்தைக்குப் போனபோது, வீட்டுவேலை செய்து பிழைத்த டெய்சின் பெயரை எத்தனை பேர் அறிந்தார்கள்? மூலதனம் ஏழையின் தாளத்தை ஏற்றுமதி செய்யும்; ஏழையை அங்கேயே விட்டுவிடும்.

தமடெயின் இரண்டு உரிமைகள்

இனி சாமராஜநகருக்குத் திரும்பலாம். ஒப்பிடும்போது ஒரு பெரும் வேறுபாட்டை மறக்கலாகாது. ரியோவின் இளைஞன் விரும்பி ஒலிவாங்கியை எடுத்தான். இங்கே தமடெ, சாதியால் சுமத்தப்பட்ட கடமை. ஊரில் சாவு விழுந்தாலும் தேர் நகர்ந்தாலும் அடித்தாக வேண்டும். கூலி ஊர் கொடுப்பது. நிற்குமிடம் ஊர் காட்டுவது. ஆகவே ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று தமடெயைக் கீழே வைத்த தலித் இளைஞர்களின் செயல் போராட்டமே. சாதி ஏவலாக அடிக்க மறுத்து, ‘எங்கள் விடுதலைக்காக அடிப்போம்’ என்று அதே தமடெயைக் கையில் எடுத்தவர்களின் செயலும் போராட்டமே. 1970களில் கர்நாடகத்தில் எழுந்த தலித் சங்கர்ஷ சமிதியின் ஊர்வலங்களில் பாட்டும் தமடெயும் முன்னே சென்றன. மறுக்கும் உரிமை, விரும்பி அடிக்கும் உரிமை இரண்டையும் சேர்த்தே ஆதரிப்பவர்தாம் தமடெயின் தோழர்.

சிக்கல்லூர்த் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் ஜனவரியில், மண்டேசுவாமி மரபைச் சேர்ந்த சித்தப்பாஜியின் தலத்தில் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடாரமிட்டுத் தங்குகின்றனர். பந்திச் சேவை நாளில் சாதி பாராது இறைச்சி உணவைப் பகிர்ந்து உண்பது வழிவழி வந்த மரபு. விலங்குப் பலியைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி நிர்வாகம் இதற்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ‘இது பலியன்று, பந்தி’ என்று மக்கள் வாதாடினர். மண்டேசுவாமி காவியத்தில், கல்யாண நகரில் சமத்துவம் பேசியவர்களை அந்தப் பெரியவர் சோதித்தது கள்ளையும் இறைச்சியையும் சுமந்து அவர்கள் வாசலுக்குச் சென்றுதான். கொள்கையில் சமத்துவம் பேசிவிட்டு, ஏழையின் நாற்றத்தைக் கண்டு மூக்கைப் பொத்துபவர்களுக்கான சோதனை அது. அந்தச் சோதனை இன்றைய இடதுசாரிகளுக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு தேசியக் கலாச்சாரத்திலும் இரண்டு கலாச்சாரங்கள் உள்ளன என்று லெனின் 1913இல் எழுதினார். உழைப்போரின் கலாச்சாரம் முழுமையாக வளர்ந்த வடிவில் எங்கும் கிடைத்துவிடாது. கூறுகளாக, வேறு பலவற்றோடு கலந்தே கிடைக்கும். அந்தக் கலவையிலிருந்து எது வளரும் என்பதை, அங்கே யார் நிற்கிறார்கள் என்பது தீர்மானிக்கிறது. டி.ஜே. வண்டியின் முன் ஆடும் இளைஞனின் ஆற்றல் வலமுமன்று, இடமுமன்று. அவனை இரைச்சல் என்று இடதுசாரிகள் ஒதுக்கியபோது, வகுப்புவாதிகள் ஒதுக்கவில்லை. ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். வெறுப்புப் பாடலைப் பதிவுசெய்து கொடுத்தார்கள். பள்ளிவாசல் இருக்கும் தெருவழியே ஊர்வலத்தைத் திருப்பினார்கள். நாடெங்கும் பல ஊர்களில் நடந்திருப்பது இது.

இடதுசாரி இயக்கத்துக்கு இந்தப் பணி புதிதன்று. 1943இல் தொடங்கிய இந்திய மக்கள் நாடக மன்றம் ஆந்திரத்தின் புர்ரகதையை, மராத்தியத்தின் தமாஷாவைத் தேடிச் சென்றது. கர்நாடகத்தில் 1975இல் உருவான ‘சமுதாய’ நாடகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்த மரபு எங்கே தளர்ந்தது என்பதை, கட்சியின் எந்தப் பொதுக்கூட்டத்திலும் காணலாம். ஊர்வலத்தின் முகப்பில் தமடெ அதிரும். கூட்டத் திடல் வந்ததும் ‘போதும், நிறுத்துங்கள், தோழர் பேசப்போகிறார்’ என்று ஒலிபெருக்கி அறிவிக்கும். அடித்தவர்கள் ஓரமாகப் போய் உட்கார்வார்கள். மேடையில் அவர்களுக்கு நாற்காலி இராது. சில இடங்களில் பேசிய கூலிக்காக இரவு பத்து மணிவரை காத்திருப்பார்கள். ஊர் செய்வதைக் கட்சியும் செய்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

செய்யத்தக்கவை

பிரேசிலின் இடதுசாரிகள் இதில் ஒரு வழியைக் காட்டியுள்ளனர். ரியோவின் ஃபங்க் கலைஞர்கள், எம்.சி. லெயனார்டோ போன்றோரின் முன்முயற்சியில், தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். சோசலிசமும் சுதந்திரமும் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் மார்செலோ ஃப்ரெய்க்சோ அவர்களோடு நின்றார். 2009 செப்டம்பரில் ரியோ மாநிலச் சட்டமன்றம் ஃபங்கை ஒரு கலாச்சார இயக்கமாக ஏற்றுச் சட்டம் இயற்றியது; முந்தைய ஆண்டின் கெடுபிடிச் சட்டம் நீக்கப்பட்டது. ஃபங்க் பற்றியவற்றை முதன்மையாகக் கலாச்சாரத் துறையே கையாள வேண்டும் என்றது புதிய சட்டம். சட்டம் வந்ததால் துப்பாக்கிகள் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும், குற்றப்பட்டியலில் இருந்த ஒரு மக்கள் கூட்டம் சங்கமாகத் திரண்டு அவைக்குள் நுழைந்தது மெய்யான வெற்றியே.

அதிலிருந்து இங்கே மேற்கொள்ளத் தக்கவை சில உண்டு. தமடெ, கம்சாளெ, நீலகாரர் கலைஞர்களைத் தொழிலாளர்களாகக் கருதி, பேசிய கூலியைக் கையில் கொடுத்த பின்பே கூட்டத்தைத் தொடங்க வேண்டும். கலைஞர் ஓய்வூதியமும் நலத்திட்டங்களும் அவர்களைச் சென்றடையத் தொழிற்சங்கம் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். மேடையில் அவர்களுக்கு நாற்காலியும் பேச நேரமும் ஒதுக்க வேண்டும். தமடெ அடிக்க விரும்பும் பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும். டி.ஜே. வண்டியில் ஒலிக்கும் பாடலை எழுதவும் பாடவும் கட்சி இளைஞர்கள் முன்வர வேண்டும். அது கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் மாதக் கணக்கில் திருத்திக்கொண்டிராமல் ஒலிக்கவிட வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. நோயாளியின் உறக்கமும் தேர்வெழுதும் பிள்ளையின் படிப்பும் தொழிலாளி வர்க்கத்தின் உரிமைகளே. அந்த வரம்பைப் போலீசின் லத்தி வருமுன் இளைஞர்களோடு பேசி அவர்களாகவே கடைப்பிடிக்கச் செய்வதும் அரசியல் பணிதான்.

தமடெ அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அதன் தோலைக் காய்ச்சுவார்கள். காயாத தோல் அதிராது. அந்த நேரத்தில் நெருப்பைச் சுற்றி நிற்பவர்கள் கலைஞர்களும் ஊர்ச் சிறுவர்களும் மட்டுமே. அடுத்த கூட்டத்தில் கட்சித் தோழர்கள் மேடையைவிட்டு இறங்கிவந்து அந்த நெருப்பருகே நிற்கட்டும். யார் வீட்டில் வேலையில்லை, யாருக்குக் கூலி பாக்கி, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகின்றன. கூட்டம் உண்மையில் தொடங்குவது அங்கேதான், தோழர்களே!